வாசற்படியில் வைத்த பூஜ்ஜியம்

2008ஆம் ஆண்டு மார்ச் 11, செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடத்தில், கெய்ரோவுக்குக் கிழக்கே பாலையில் எழுந்த வாதி நசீம் புறநகரின் எழுபத்து மூன்றாம் கட்டடத்தில், வடகிழக்கு மூலை கட்டிய நாளில் இருந்த மட்டத்தைவிட நாற்பத்தொரு மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது.

மண்ணின் மனமறிந்த மாண்பமை எஞ்சினியர் இன்சாஃப் நகீப் அம்மையீர்! களிமண்ணை நாவில் வைத்துக் கணித்தவரே! மட்டக்கருவியைத் தோளில் ஏற்றி மணல்வெளி முழுதும் நடந்தவரே! எங்கள் மதிய உணவுக்கென வாங்கிய குளிர்பெட்டியில் மண் உருளைகளை அடுக்கி, எங்கள் பாலாடைக்கட்டியை ஜன்னலோரத்துக்கு அனுப்பிய அன்புக்குரிய அநியாயக்காரரே! முப்பத்தேழு ஆண்டுப் பணி முடித்து இன்று மாலை விடைபெறும் தங்களுக்கு, ஆய்வகத்தாரும் துளைக்கூடத்தாரும் அலுவலகத்தாரும் ஒன்றுகூடி வாசித்தளிக்கும் மடல் இது.

1986இல் தாங்கள் இங்கே சேர்ந்தபோது துளைக்கருவி ஏற்றிய லாரியில் பெண் எஞ்சினியர் உட்கார இடம் இல்லை என்றார்கள். தாங்கள் பழைய ஃபியட் வண்டி ஒன்றை வாங்கி லாரிக்குப் பின்னாலேயே ஓட்டி வந்தீர்கள். அந்த வண்டியின் பின்பெட்டியில் மாற்றுச் சக்கரம் என்றும் இருந்ததில்லை. அந்த இடத்தில் ஹலாவா இனிப்பின் காலி டப்பாக்களில் மண் இருந்தது. தங்கள் பார்வையில் இடப்பட்ட துளைகள் நான்காயிரத்து இருநூறுக்கு மேல். அவற்றிலிருந்து வெளியே வந்த ஒவ்வோர் உருளையும் வெயில் படுமுன் மெழுகுக்குள் போனது. உருளையை மெழுகு பூசாமல் லாரி நிழலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போன ஓர் இளைஞரிடம் தாங்கள் கேட்டது இன்றும் கூடத்தில் உலவுகிறது: "உன் அம்மா உனக்குக் கட்டிக் குடுத்த ரொட்டியத் தெறந்து வெச்சிட்டுப் போவியா? அப்ப இத மட்டும் ஏன் காயவிட்ட?"

ஒரு ரமலான் மாதத்துக்கு முந்திய வாரம், கூடத்தார் சிலர் ரூமி பாலாடைக்கட்டி ஒன்றை உருளையாக வெட்டி, மெழுகு பூசி, "துளை 6, ஆழம் 14 மீட்டர்" என்று சீட்டு ஒட்டித் தங்கள் மேசையில் வைத்தார்கள். தாங்கள் தட்டிப் பார்த்தீர்கள், முகர்ந்து பார்த்தீர்கள், சோதனைப் படிவத்தை எடுத்து எழுதினீர்கள்: "ஈரம் மிதம். உப்பு அதிகம். உப்பும் தன்மை: தின்பவர் வயிற்றில் மட்டும்." கையெழுத்தும் இட்டீர்கள். அந்தப் படிவம் இன்றும் கோப்பில் இருக்கிறது. தங்கள் கையெழுத்தைப் பெற்ற எந்தத் தாளையும் எறிய எங்களுக்கு மனம் வந்ததில்லை.

கையெழுத்து என்றதால் அந்தக் கட்டடத்துக்கு வருகிறோம்.

இனி வரும் பகுதியில் தங்களைப் பெயர் சொல்லி எழுதுகிறோம். மரியாதைக் குறைவாகக் கொள்ள வேண்டாம். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பதினெட்டுப் பேர் அந்த ஆண்டுக்குப் பின் வேலைக்கு வந்தவர்கள். யாரோ ஒரு எஞ்சினியருக்கு நடந்ததைக் கேட்பதுபோல அவர்கள் இதைக் கேட்கட்டும் என்று நினைத்தோம். முன்வரிசையில் இருக்கும் நம் அலுவலகத் தலைவர் டாக்டர் ஸர்வத்திடம் அனுமதி கேட்டோம். "எழுதுங்க. அன்னிக்கு நான் பேசினதையும் ஒரு எழுத்து மாத்தாம போடுங்க" என்றார்.

வாதி நசீம் நிற்பது தஃப்லா என்னும் களிமண்ணின் மேல். காய்ந்த தஃப்லாவைச் சுத்தியலால் அடித்தால் சுத்தியல் திரும்பி வரும். அதிலேயே ஒரு கட்டியைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவிட்டுத் தேநீர் குடித்து வந்தால், களி உப்பிக் கிண்ணத்துக்கு வெளியே நிற்கும். மேலே வீடு இருந்தாலும் அது உப்பத்தான் செய்யும். பாலையில் மழை இல்லை, ஆகவே கவலையும் இல்லை என்று முதலில் வந்து கட்டியவர்கள் நினைத்தார்கள். குடிவந்தவர்கள் முதலில் வாங்கியது தண்ணீர்க் குழாய்.

ஆனால் எங்கள் பயம் வேறு. எங்களில் பெரும்பாலோர் நைல் வண்டலில் பிறந்து வளர்ந்தவர்கள். வண்டலில் கட்டடம் என்றால் இறங்கும். ஒரு பக்கம் சாய்ந்த வீட்டைப் பார்த்தால் ரொட்டி விற்கிற பையன்கூட "எறங்கிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு போவான். அதற்கு ஊர் வைத்தியமும் ஒன்றே: மேல் மாடிகளை எடு, பாரத்தைக் குறை.

எழுபத்து மூன்றாம் கட்டடம் 2003இல் முடிந்தது. ஆறு தளம், தளத்துக்கு நான்கு வீடு. 2007 இலையுதிர்காலத்தில் சுவர்களில் விரிசல் ஓடியது, கதவுகள் மூடவில்லை. அளந்து சொல்லும் வேலை நம் அலுவலகத்துக்கு வந்தது. நவம்பரில் இன்சாஃப் போனார். அளவெடுப்பவர் எவரும் கருவியை முதலில் நிறுத்தும் இடம் கட்டட வாசல்தான். அங்கே நிழல் உண்டு, காவலுக்கு வாசல்காரர் உண்டு, தேநீர் உண்டு. இன்சாஃபும் அங்கேதான் நிறுத்தினார். உண்மையான நிலைக்குறி, அரசு நில அளவையார் பதித்த பித்தளை வில்லை, தெற்கே சுண்ணாம்புக் குன்றின் மேல் இருந்தது. இடையில் புதிதாக ஒரு குடியிருப்பு மதில் எழுப்பிப் பாதையை மறித்திருந்தது. சுற்றிப் போக அரை நாளுக்கு மேல் ஆகும். மூலைகளுக்கிடையே உள்ள வித்தியாசம்தானே வேண்டும் என்று, வடகிழக்கு மூலையில் இருந்த வாசற்படியையே பூஜ்ஜியமாக வைத்துக்கொண்டார். அதிலிருந்து பார்க்க, மற்ற மூன்று மூலைகளும் முப்பத்தெட்டு முதல் நாற்பத்தொரு மில்லிமீட்டர் வரை இறங்கியிருந்தன. அவ்வாறே எழுதிக் கையெழுத்திட்டார்.

விரிசல் கண்ட கட்டடங்களை விசாரிக்கும் குழு அந்த அறிக்கையை வைத்து பிப்ரவரியில் ஆணையிட்டது: ஐந்தாம், ஆறாம் தளங்களை இடித்து அகற்ற வேண்டும், வேலை ஏப்ரல் முதல் தேதி தொடங்கும். எட்டுக் குடும்பங்கள் வெளியேற வேண்டும்.

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. இடிப்பதற்கு முந்திய கடைசி அளவுக்காக இன்சாஃப் மறுபடி போனார். கூட வந்தவர் துளைக்கூடத்துத் தலைமைக்காரர் உஸ்தா ஃபர்காலி. படிக்கட்டில் அட்டைப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஆறாம் மாடி சுஹைர் அம்மையார், கணவரை இழந்தவர், ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். இன்சாஃபின் தொப்பியையும் கருவியையும் பார்த்தார்.

"எறங்குதுன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானா?"

"நான்தாம்மா."

"இருபத்தாறு வருஷம் குவைத்துல டைப் அடிச்சேன், இந்த வீட்டுக்காக. நீங்க எத்தன நாள் அளந்தீங்க?"

நவம்பரில் இன்சாஃப் அளந்தது ஒரு காலைப்பொழுது.

வாசல்காரர் பெஷீர் தேநீர் கொண்டுவந்தார். அஸ்வான் பக்கத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். கட்டடம் திறந்த நாளிலிருந்து அந்த வாசலில் இருப்பவர்.

"பால் ஊத்தல எஞ்சினியரம்மா. உங்க கிறிஸ்தவங்களுக்குப் பெரிய நோன்பு நடக்குதுல்ல?"

"ஞாபகம் வெச்சிருக்கீங்களே சித்தப்பா."

"எல்லாம் ஞாபகம் இருக்கும். எனக்குப் புரியாதது ஒண்ணே ஒண்ணு. எறங்குது எறங்குதுன்றாங்களே, எறங்கின வீட்டுலேர்ந்து சிலிண்டரு வெளிய ஓடுமா?"

"எந்தச் சிலிண்டரு?"

"கேஸ் சிலிண்டருதான். தெரு ஓரத்துலேர்ந்து இந்தப் படி வரைக்கும் பலகை போட்டுத்தான் உருட்டிட்டு வருவேன். வந்த புதுசுல பலகைல படுக்கவெச்சா படுத்த எடத்துலயே கெடக்கும். நான் ஒரு சிகரெட் பத்தவெப்பேன். இப்ப கைய எடுத்தா தானா தெருவுக்கு ஓடுது. போன வாரம் மூணாம் மாடி வக்கீல் காரை முட்டிடுச்சு. அவரு என்னைத் திட்டுறாரு. நான் யாரத் திட்டுறது?"

ஃபர்காலி சிரித்தார். இன்சாஃப் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"இன்னொரு வாட்டி உருட்டுங்க."

பெஷீர் காலிச் சிலிண்டரைப் பலகையின் நடுவில் படுக்க வைத்துக் கையை எடுத்தார். அது ஒரு நொடி யோசித்துவிட்டுத் தெருப்பக்கம் உருண்டது. திரும்பவும் வைத்தார்கள், திரும்பவும் தெருவுக்கு. மூன்றாம் முறை பலகையைப் புரட்டிப் போட்டு வைத்தார்கள். ஃபர்காலி ஓடிப் போய்க் காலால் தடுக்க வேண்டியிருந்தது.

பலகையின் கீழே, தெரு ஓரத்துக்கும் படிக்கும் இடையே, நான்கு மீட்டர் அகலத்தில் பச்சைப் பசேலென்று ஒரு பாத்தி இருந்தது. புதினா, கொத்துமல்லி, ஜர்ஜீர் கீரை. நவம்பரிலும் இருந்தது. இன்சாஃப் அதிலிருந்து ஒரு கிள்ளு புதினாவைத் தேநீரில் போட்டுக் குடித்திருந்தார்.

"சித்தப்பா, இதுக்குத் தண்ணி எவ்ளோ நேரம் விடுவீங்க?"

"சாயங்காலம் அஸர் தொழுகை முடிச்சுத் தெறப்பேன். வாசலுக்கும் தெளிக்கணும்ல, புழுதி அடங்க. செய்தி ஆரம்பிக்கறப்ப மூடுவேன்."

"எந்தச் செய்தி?"

"ஒம்பது மணிச் செய்தி."

"தெனமுமா?"

"வெள்ளிக்கெழம கொஞ்சம் கூட. கழுவித் தள்ளணும்ல."

இன்சாஃப் பாத்தியின் ஓரத்தில் மண்டியிட்டுக் கையால் தோண்டினார். அஸ்திவாரத்துக்குக் கீழே களியை எடுத்துவிட்டு இரண்டு மீட்டர் மணல் நிரப்ப வேண்டும் என்று 2002இல் எழுதியது நம் அலுவலகம்தான். அந்த மணல் இப்போது தொட்டிபோல் தண்ணீரைப் பிடித்து, கீழிருந்த களிக்கு ஐந்தாண்டாக ஊட்டிக்கொண்டிருந்தது. விரல் நுனியில் வந்த களியை நாக்கில் வைத்தார். காய்ந்த தஃப்லா நாக்கில் ஒட்டும், இது வழுக்கியது.

"உஸ்தா, அளவுகோலை எடுங்க. குன்றுக்குப் போறோம்."

"இப்பவா? சுத்திப் போனா ரெண்டு கிலோமீட்டருக்கு மேல வரும்."

"நவம்பர்லயே போயிருக்கணும்."

அன்று பாதி வழியில் காற்றும் புழுதியும் எழுந்து கோலின் எண்களை மறைத்தன. திங்களன்று குன்றிலிருந்து கட்டடத்துக்கு வந்தார்கள். சரிபார்க்க, செவ்வாயன்று கட்டடத்திலிருந்து குன்றுக்குத் திரும்பினார்கள். ஐம்பது அடிக்கு ஒருமுறை கருவியை நிறுத்தி, கோலைப் பிடித்து, எண்ணை எழுதி, தூக்கி நடக்க வேண்டும். வழியில் ஃபர்காலி எண்ணெயில் தாளித்த ஃபூல் பயறுப் பொட்டலம் வாங்கி வந்தார். நெய் போட்டுவிட்டார்களோ என்று முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். சாப்பிடும்போது கேட்டார்.

"நவம்பர்ல ஏன் இங்க வரலன்னு கேட்டா என்ன சொல்வீங்க எஞ்சினியரம்மா?"

"சோம்பல்னு சொல்வேன்."

"ஐயோ, அத எழுதிடாதீங்க."

"வேற நல்ல வார்த்தை இருந்தா சொல்லுங்க உஸ்தா, போட்டுக்கறேன்."

ஃபர்காலி மிச்ச ஃபூலைச் சாப்பிட்டு முடித்தார். கோலைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

போய்வந்த கணக்கில் வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர். அவ்வளவு தொலைவுக்கு அது நல்ல கணக்கு. கட்டியபோது ஒப்பந்தக்காரர் அதே பித்தளை வில்லையிலிருந்து எடுத்து வைத்திருந்த மட்டங்களோடு ஒப்பிட்டார்கள். மூன்று மூலைகள் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அசையவில்லை. வடகிழக்கு மூலை நாற்பத்தொரு மில்லிமீட்டர் ஏறியிருந்தது. கட்டடம் இறங்கவே இல்லை. பூஜ்ஜியம்தான் மேலே போயிருந்தது.

தப்பு அதோடு நிற்கவில்லை. இறங்கும் கட்டடத்துக்குப் பாரத்தைக் குறைத்தால் நல்லது. ஏறும் கட்டடத்துக்குப் பாரத்தைக் குறைத்தால் களியை அமுக்கிப் பிடித்திருப்பதையும் எடுத்துவிட்டதாகும். மேலிரண்டு தளங்களை இடித்தால், எட்டுக் குடும்பங்களின் வீடும் போய், மிச்சமிருக்கும் பதினாறு வீடுகளும் இன்னும் கிழியும்.

அன்று மாலை இன்சாஃப் டாக்டர் ஸர்வத்தின் அறைக்குள் போனார். ஸர்வத் எண்களை இரண்டு முறை பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி. புது அளவு, புது நிலைக்குறி, புது முடிவுன்னு எழுதுவோம். நவம்பர் அறிக்கையப் பத்தி ஏன் பேசணும்?"

"பேசலன்னா குழு முன்னாடி ரெண்டு தாள் இருக்கும் டாக்டர். ஒண்ணு எறங்குதுங்கும், இன்னொண்ணு ஏறுதுங்கும். ரெண்டுலயும் நம்ம முத்திரை. எதுக்கு வம்புன்னு இடிச்சிருவாங்க."

"கருவி பழுதுன்னு சொல்லலாம்."

"கருவி நல்லா இருக்கு. ரெண்டு நாளா அதோடதான் நடந்தேன்."

"இன்சாஃப், உனக்குப் பதினாறு வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கு. பூஜ்ஜியத்தையே தப்பா வெச்சேன்னு நீயே எழுதிக் குடுத்தா கையெழுத்துப் போடற உரிமையப் பிடுங்கிருவாங்க. அப்புறம் சோதனைச்சாலைல மண்ண சலிச்சிட்டு உக்காந்திருப்ப."

"மண் சலிக்கிறது எனக்குப் பிடிக்கும்."

"வெளையாடாத."

"வெளையாடல டாக்டர். அங்க ஒருத்தங்க அட்டைப்பெட்டி மேல உக்காந்திருக்காங்க. எத்தன நாள் அளந்தீங்கன்னு கேட்டாங்க. அவங்களுக்கு என்ன சொல்லட்டும்?"

டாக்டர் ஸர்வத் தம் பேனாவை மேசையின் குறுக்கே இன்சாஃப் பக்கம் தள்ளினார்.

இன்சாஃப் எழுதிய அறிக்கை ஒன்றரைப் பக்கம். அதன் மூன்றாம் வரி இது: "நவம்பர் அளவில் வாசற்படியை நிலைக்குறியாகக் கொண்டது என் தவறு, குன்று வரை நடக்கச் சோம்பியதே காரணம்."

மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை குழு கூடியது. நீண்ட மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். பின்சுவரை ஒட்டிக் குடியிருப்போர் பன்னிரண்டு பேர். அவர்களில் சுஹைர் அம்மையாரும் இருந்தார், கைப்பையை மடியில் இறுகப் பிடித்தபடி. குழுத் தலைவர் நைல் டெல்டாக்காரர். அரை நூற்றாண்டாக இறங்கும் கட்டடங்களைப் பார்த்தவர். இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்தார்.

"நவம்பர்ல எறங்குதுன்னு எழுதுன கையும் இதேதானா?"

"இதே கைதாங்க."

"இப்ப ஏறுதுங்கறீங்க. அடுத்த மாசம் பக்கவாட்டுல போகுதும்பீங்களா?"

மேசையில் சிலர் சிரித்தார்கள். இன்சாஃப் சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தார்.

"எறங்குதுன்னு எழுதினப்ப நான் வாசல்ல நிழல்ல நின்னேன். ஏறுதுன்னு எழுதறதுக்கு முன்னாடி குன்றுக்குப் போயிட்டு வந்தேன். என்னை நம்ப வேண்டாம். உங்க ஆளுங்கள நடக்கச் சொல்லுங்க. ரெண்டு நாள் ஆகும். இடிச்சதத் திரும்பக் கட்ட அதவிட அதிக நாள் ஆகும்."

"பாரத்தக் குறைச்சா கெடுதல்ங்கறீங்க. நான் பொறந்ததுலேர்ந்து கேக்காத பேச்சு இது."

"நீங்க பொறந்தது மன்ஸூராவுல, ஐயா. அங்க மண்ணு அடியில போகும். இங்க மண்ணு எழுந்திரிக்கும். எழுந்திரிக்கறவன் தோள்ல இருக்கிற மூட்டைய எறக்கினா அவன் இன்னும் வேகமாத்தான் எழுந்திரிப்பான்."

தலைவர் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த மூணாவது வரி. இத நீங்களா எழுதினீங்களா, யாராவது எழுதச் சொன்னாங்களா?"

"எழுத வேண்டாம்னுதான் சொன்னாங்க."

குழு மூன்று வார அவகாசம் விட்டது. ஏப்ரல் முதல் தேதி வரவிருந்த இடிப்பு ஆட்களுக்கு வர வேண்டாம் என்று தகவல் போயிற்று. குழுவின் நில அளவையார் மூவர் குன்றிலிருந்து நடந்து வந்தார்கள். அவர்களுக்கு வழி காட்டப் போன ஃபர்காலி, மதிலைச் சுற்றும் இடத்தில் எங்கே நல்ல ஃபூல் கிடைக்கும் என்பதையும் காட்டினார். அவர்களுக்குக் கிடைத்த எண் நாற்பத்திரண்டு. குழு எந்த எண்ணையும் வெளியே சொல்லவில்லை. ஜூன் வரை யோசித்தது. அந்த மாதங்களில் இன்சாஃப் வழக்கம்போல் காலை ஏழரைக்கு வந்தார். சுஹைர் அம்மையார் பெட்டிகளைப் பிரிக்கவும் இல்லை, வெளியே ஏற்றவும் இல்லை. பெஷீர் யாரும் சொல்வதற்கு முன்பே குழாயைக் கழற்றி வைத்துவிட்டார். புதினாவைத் தொட்டிகளுக்கு மாற்றினார். ஜர்ஜீரைப் பிடுங்கிக் கட்டு கட்டி வீட்டுக்கு வீடு கொடுத்தார். இரண்டு கட்டு நம் அலுவலகத்துக்கும் வந்தது. அதைக் குளிர்பெட்டியில் வைக்க இன்சாஃப் அனுமதித்தார். மண்ணல்லாத ஒன்றுக்கு அங்கே இடம் கிடைத்தது அன்றுதான்.

அம்மையீர், இனித் தங்களிடமே பேசுகிறோம்.

அந்த ஆண்டுக்குப் பிறகு நம் அலுவலகத்தில் எந்த அளவும் கட்டடத்தைத் தொட்டுத் தொடங்குவதில்லை. தாங்கள் அதற்குச் சட்டம் எதுவும் எழுதவில்லை. புதிதாக வருபவர்களை முதல் வாரம் அந்தக் குன்றுக்கு நடத்திக் கூட்டிப் போனீர்கள், அவ்வளவே. ஏன் என்று கேட்டவர்களிடம், "நான் ஒரு வாட்டி போகாம இருந்தேன்" என்றீர்கள். எங்களில் பதினெட்டுப் பேருக்குத் தாங்கள் செய்த பிழை தங்கள் பெயருக்கு முன்னதாகவே தெரியும். பிழையைத் தன் வாயால் சொல்லும் மேலதிகாரியிடம் வேலை பார்த்த எங்களுக்கு எங்கள் பிழையைச் சொல்வது எளிதாயிற்று. இந்தப் பதினைந்து ஆண்டுகளில் எங்கள் மேசைகளிலிருந்து "என் தவறு" என்று தொடங்கும் குறிப்புகள் முப்பத்துநான்கு வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றையும் தாங்கள் சத்தம்போட்டு வாசித்ததில்லை. திருத்தி, பக்கத்தில் நாள் எழுதி, திருப்பித் தந்தீர்கள்.

தங்களிடம் குறைகளும் உண்டு. தாங்கள் ஓட்டும் வண்டியில் இரண்டாம் முறை ஏறியவர் எவரும் இல்லை. தொலைபேசியில் தாங்கள் விடைபெறாமலே வைத்துவிடுவீர்கள். நல்ல தேநீரைப் பாதியில் மறந்து, ஆறியதைக் குறை சொல்வீர்கள். பள்ளிக்கூடக் கட்டடம் என்றால் மூன்று துளை போதும் என்ற இடத்தில் ஏழு துளை இடச் சொல்லி, கட்டுபவரோடு சண்டை பிடித்து, தோற்று, எட்டாவதையும் இட வைப்பீர்கள். தோற்றவர் எப்படி எட்டாவதை வாங்கினார் என்பது இன்னும் எங்களுக்கு விளங்கவில்லை.

நாளை முதல் தங்கள் காலைகள் தங்களுக்கே உரியன. மகள் வீட்டு மாடியில் வெயில் நன்றாக விழும் என்று கேள்விப்பட்டோம். அங்கே தாங்கள் தொட்டிச் செடி வைத்தால் தண்ணீரை அளந்து ஊற்றுவீர்கள் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. நடந்து நடந்து தேய்ந்த முழங்கால்கள் ஓய்ந்து நலம்பெறுக! நோயின் நிழல் படாத நெடிய நாட்கள் தங்களுக்கு நிறைக! தாங்கள் நிற்கும் தரை நிலையாக இருக்கட்டும். தங்களைச் சுற்றி இருப்பவர்கள் தாங்கள் எங்களைச் சகித்ததைப் போலத் தங்களைச் சகிக்கட்டும்! கூடத்தின் கதவு தங்களுக்கு என்றும் திறந்திருக்கும். குளிர்பெட்டியின் மேல்தட்டு இன்று முதல் எங்கள் பாலாடைக்கட்டிக்கு.

மாறாத அன்புடன்,
ஆய்வகத்தார், துளைக்கூடத்தார், அலுவலகத்தார் முப்பத்தொருவர்
கெய்ரோ, 30 நவம்பர் 2023, வியாழக்கிழமை

இந்த மடலோடு அதே கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்திருப்பது, தாங்கள் மேசை இழுப்பறையில் மடித்து வைத்திருந்த, 19 ஜூன் 2008 தேதியிட்ட குழுவின் ஆணை நகல். அதில் உள்ளவை மூன்று வரிகள்:

ஒன்று: எழுபத்து மூன்றாம் கட்டடத்தின் ஐந்தாம், ஆறாம் தளங்களை அகற்றும் ஆணை ரத்து செய்யப்படுகிறது.

இரண்டு: வடகிழக்கு மூலையில் தோட்டமும் தண்ணீர்க் குழாயும் அகற்றப்பட்டு, மூன்று மீட்டர் அகலத்துக்குச் சரிவான தளம் போடப்பட வேண்டும்.

மூன்று: எஞ்சினியர் இன்சாஃப் நகீபின் கையெழுத்துரிமை 1 ஜூலை 2008 முதல் ஓராண்டுக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது.